கொழுப்பைத் தேடி வந்தவர்கள்

ஸ்வால்பார்ட் தீவுகளின் வரலாறு என்று எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் புதுக்கரை கண்ட மாலுமிகள், கொடி நட்ட அரசுகள், துருவத்துக்குப் பறந்த வீரர்கள் என்றே பக்கங்கள் நகரும். எனக்கு அது கொழுப்பின் வரலாறாகத் தெரிகிறது. நானூறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குளிர்க்கடலுக்கு ஐரோப்பியர்களை இழுத்துப் போனது கொழுப்பு. இன்றைக்கு அந்தக் கடல் சூடாகிறபோது முதலில் அடி விழுவதும் அந்தக் கொழுப்பின் மேல்தான்.

நான் ஆர்.கே.பேட்டைக்காரி. தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் எங்கள் பக்கத்தில் கடல் என்றால் கருவாட்டுக் கூடையோடு வரும் வாசனைதான். கடலையே பார்த்திராத பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் இருந்தார்கள். அவர்களுக்காகக் கரும்பலகையில் தாவர மிதவை உயிரி, அதைத் தின்னும் விலங்கு மிதவை உயிரி, சின்ன மீன், பெரிய மீன் என்று எழுதி நடுவே அம்புக்குறி போடுவேன். அந்த அம்புக்குறி வழியாக என்ன போகிறது என்று கேட்டால் பாடப்புத்தகம் ‘ஆற்றல்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். வடதுருவக் கடலில் அந்த ஆற்றலைக் கண்ணால் பார்க்கலாம். அது ஒரு எண்ணெய்த்துளி.

1596-ல் டச்சு மாலுமி வில்லம் பாரென்ட்ஸ், வடக்குக் கடல் வழியாகச் சீனாவுக்குப் பாதை தேடிப் போனபோது கூரான மலைகள் எழுந்து நிற்கும் ஒரு கரையைப் பார்த்தார். அதுதான் ஸ்பிட்ஸ்பெர்கன், ஸ்வால்பார்டிலேயே பெரிய தீவு. அவர் தேடிய பாதை கிடைக்கவில்லை. 1607-ல் அதே பக்கம் போன ஹென்றி ஹட்சனுக்கும் பாதை கிடைக்கவில்லை. ஆனால் அங்குள்ள விரிகுடாக்களில் திமிங்கலம் ஏராளம் என்ற செய்தி லண்டனுக்கு வந்து சேர்ந்தது. நாலே வருஷத்தில், 1611-ல், மஸ்கோவி கம்பெனி வேட்டைக்குக் கப்பல் அனுப்பிவிட்டது. திமிங்கலத்தின் மேல் ஈட்டி எறியும் வித்தை ஆங்கிலேயர்களுக்கு அப்போது கைவரவில்லை. அதில் தேர்ந்த பாஸ்க் நாட்டுக்காரர்களைக் கூலி பேசிக் கூட்டிப் போனார்கள். அடுத்த வருஷமே டச்சுக்காரர்களும் வந்தார்கள். ஆளுக்கொரு விரிகுடா என்று சண்டை போட்டுப் பிரித்துக்கொண்டார்கள்.

அவர்கள் துரத்திய விலங்கு போஹெட் திமிங்கலம். 18 மீட்டர் வரை வளரும். தோலுக்கு அடியில் கிட்டத்தட்ட அரை மீட்டர் கனத்துக்குக் கொழுப்பு. நிதானமாக நீந்தும், செத்தால் முழுகாமல் மிதக்கும். வேட்டைக்காரனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? இருநூறு வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய பிராணி அது. வாயில் பல் கிடையாது. மேல்தாடையிலிருந்து வரிசையாகத் தொங்கும் பலீன் தகடுகள், நீளமானவை மூன்று நான்கு மீட்டர். வாயைத் திறந்தபடி மெல்ல நீந்தி, உள்ளே வரும் கடல்நீரை அந்தத் தகடுகளில் வடிகட்டி, அரிசி மணியை விடச் சிறிய கோப்பிபாட் என்ற உயிரிகளைக் கோடிக்கணக்கில் விழுங்கும். அத்தனை பெரிய உடம்பும் அத்தனை கொழுப்பும் அந்தச் சின்ன உயிரிகள் சேர்த்துக் கொடுத்தவை. ஈட்டியோடு வந்தவர்களுக்கு இது தெரியாது.

ஸ்பிட்ஸ்பெர்கனின் வடமேற்கு மூலையில் ஆம்ஸ்டர்டாம் தீவு என்று ஒரு சின்னத் தீவு. அதன் மணல்முனையில் 1614-ல் டச்சுக்காரர்கள் கூடாரம் போட்டார்கள். 1619-லிருந்து மரவீடுகள் எழும்பின. ஸ்மீரன்பர்க் என்ற அந்த முகாமில் செங்கல் அடுப்புகள் கட்டி, பெரிய செம்புக் கொப்பரைகள் ஏற்றி, திமிங்கலக் கொழுப்பை நறுக்கிப் போட்டுக் காய்ச்சினார்கள். வடித்த எண்ணெய் பீப்பாய் பீப்பாயாக ஐரோப்பாவுக்குப் போனது. விளக்கெரிக்க, சோப்புக் காய்ச்ச, தோல் பதப்படுத்த என்று அதற்கு ஆயிரம் தேவை. ஆட்டுரோமத்தைத் துணியாக்கும் பட்டறைகளுக்கும் அந்தச் சோப்பு வேண்டியிருந்தது. பலீன் தகடுகள் பணக்காரப் பெண்களின் இடுப்புக் கச்சைக்குள் கம்பியாகப் போயின. அடுப்படியில் அன்று வழிந்த எண்ணெய் மணலோடும் சரளையோடும் கலந்து இறுகி, சிமெண்ட் வளையங்கள் மாதிரி இன்றும் அந்தக் கரையில் கிடக்கிறது.

ஸ்மீரன்பர்க்கில் ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்ந்தார்கள், கடைத்தெருவும் தேவாலயமும் இருந்தன என்றெல்லாம் பிற்காலத்தில் கதை கட்டினார்கள். 1979 முதல் 1981 வரை டச்சுத் தொல்லியலாளர் லௌரென்ஸ் ஹாக்கெபோர்ட் குழுவினர் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். உச்சத்தில் இருந்த காலத்திலும் இருநூறு பேர் அளவுதான் என்று தெரிந்தது. இருநூறு பேர், கொஞ்சம் கொப்பரைகள், கோடைக்கு வந்து போகும் கப்பல்கள். ஒரு விரிகுடாவைக் காலி செய்ய அது போதுமாக இருந்திருக்கிறது.

அந்த வேட்டைக்காரர்களின் குல்லாய்களைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1980-ல் ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கத்தில் 185 டச்சுக்காரர்களின் புதைகுழிகளை ஆராய்ந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் திமிங்கல வேட்டைக்கும் எண்ணெய்க் கொப்பரை வேலைக்கும் வந்து செத்தவர்கள். பல எலும்புக்கூடுகளின் தலையில் கம்பளிக் குல்லாய் அப்படியே இருந்தது. சில குல்லாய்கள் இப்போது ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கின்றன. கையால் பின்னியவை, சிலவற்றில் வண்ணக் கோடுகள், ஒன்றைப் போல் ஒன்று இல்லை. குளிருக்கு முகம் வரை மூடிக்கொண்டால் ஆளை அடையாளம் காட்டுவது குல்லாயின் நிறமும் கோடும்தானாம். நூல் வேலை தெரிந்த வீட்டில் வளர்ந்ததால் அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணி தவறவில்லை. யாரோ ஒரு தாயோ மனைவியோ வீட்டில் உட்கார்ந்து பின்னியது, முன்னூறு வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கெடாமல் இருந்திருக்கிறது. காரணம் அங்குள்ள உறைமண். வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும் நிலம். அது இப்போது இளகுகிறது. ஸ்மீரன்பர்க்குக்கு அருகில் லிக்னெசெட் என்ற இடத்தில் பெரிய இடுகாடு ஒன்று இருக்கிறது. அங்கே 1980-களில் திறந்த குழிகளில் துணி நன்றாக இருந்தது. 2016-க்குப் பிறகு திறந்தவற்றில் துணி மட்கிக்கொண்டிருந்தது.

1660 வாக்கில் ஸ்மீரன்பர்க் ஆளில்லாமல் போனது. விரிகுடாவுக்குள் திமிங்கலம் வருவது நின்றுவிட்டது. மிச்சமிருந்தவற்றைப் பனிக்கட்டி விளிம்புவரை துரத்திப் போய்க் கொன்றார்கள். அந்தக் கடற்பகுதியில் ஆரம்பத்தில் பல பத்தாயிரம் போஹெட் இருந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. 2015-ல் வானிலிருந்து தேடிக் கணக்கெடுத்தபோது சில நூறுதான் தேறின. திமிங்கலம் தீர்ந்ததும் வால்ரஸ், பிறகு பனிக்கரடி, நரி என்று வேட்டை நீண்டது. வால்ரஸுக்கு 1952-லும் பனிக்கரடிக்கு 1973-லும் நார்வே சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. அதற்குப் பிறகு வால்ரஸ் மெல்லத் திரும்பி வந்தது. இன்று கரைகளில் கூட்டமாகப் படுத்திருக்கிறது. துப்பாக்கியைக் கீழே வைத்தால் சில பிராணிகள் மீண்டு வரும் என்பதை அந்தத் தீவு நிரூபித்திருக்கிறது.

திமிங்கலங்கள் போன பிறகு அவை தின்றிருக்க வேண்டிய கோப்பிபாட் எல்லாம் யாருக்குப் போனது? என்னை வெகுநாள் பிடித்து வைத்திருந்த கேள்வி இது. போலந்துக் கடலியலாளர் யான் மார்சின் வெஸ்லாவ்ஸ்கி, முன்பு சொன்ன ஹாக்கெபோர்ட் முதலானவர்களுடன் சேர்ந்து 2000-ல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். தொல்லியலாளரும் கடலியலாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய கட்டுரை அது. அப்படி நடப்பது அபூர்வம். திமிங்கலம் விட்டுப்போன உணவு துருவக் காட் மீனுக்கும், லிட்டில் ஆக் என்ற சின்னக் கடற்பறவைக்கும் போயிருக்கும் என்பது அவர்கள் வாதம். இன்று ஸ்வால்பார்டின் பாறைச் சரிவுகளில் லட்சக்கணக்கில் கூடு கட்டும் அந்தப் பறவைக் கூட்டம் திமிங்கலம் விட்ட இடத்தில் பெருகியது என்றாகிறது. ஆக, ‘இயற்கை’ என்று நாம் நினைத்துப் பார்க்கும் அந்தக் கடலே ஏற்கெனவே ஒருமுறை கலைத்து அடுக்கப்பட்ட கடல்.

லிட்டில் ஆக் கைக்குள் அடங்கும் பறவை. எடை 150 கிராம் போல. அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 60,000 கோப்பிபாட் பிடிக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த நீருக்குள் முங்கி, ஒவ்வொன்றாகப் பிடித்து, குஞ்சுக்கானதைத் தொண்டைப் பையில் சேர்த்து வரும். இவ்வளவு பாடுபடுவதற்கு ஏற்ற சரக்கு அதற்குள் இருக்க வேண்டும். இருக்கிறது. கலானஸ் கிளேசியாலிஸ் என்ற வடதுருவக் கோப்பிபாட் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். உடம்பு கண்ணாடி போலத் தெளிவு. உணர்கொம்புகளில் சிவப்பு ஓடும். நுண்ணோக்கியில் வைத்தால் வயிற்றுப் பக்கமாக நீளவாக்கில் ஒரு பை தெரியும். பை நிறைய எண்ணெய். உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகவே இருக்கலாம். பத்திரிகைகளில் புவி வெப்பம் என்றாலே மெலிந்த பனிக்கரடியின் படத்தைப் போடுகிறார்கள். வகுப்பறைச் சுவரில் ஒரே ஒரு படம் ஒட்ட இடமிருந்தால் நான் இந்த எண்ணெய்ப் பையைத்தான் ஒட்டுவேன்.

இவ்வளவு கொழுப்பு எதற்கு? அங்கே சூரியன் மாதக்கணக்கில் எழாது. வெளிச்சம் இல்லாமல் பாசி இல்லை, பாசி இல்லாமல் தீனி இல்லை. கோடையில் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, ஆழத்துக்கு இறங்கி, உயிரை மட்டும் வைத்துக்கொண்டு குளிர்காலத்தைத் தள்ளும். வசந்தத்தில் வெளிச்சம் திரும்பியதும் முதலில் துளிர்ப்பது கடற்பனியின் அடிப்பக்கத்தில் ஒட்டி வளரும் பாசி. தாய்க் கோப்பிபாட் மேலே வந்து அதைத் தின்று முட்டையிடும். சுமார் இரண்டு மாதம் கழித்துப் பனி உடைந்து திறந்த நீரில் தாவர மிதவை உயிரிகள் பொங்கும்போது, முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் சரியாகத் தின்னும் பருவத்துக்கு வந்திருக்கும். தாய்க்கு முதல் விளைச்சல், பிள்ளைக்கு இரண்டாம் விளைச்சல். 2007-ல் ஸ்வால்பார்டின் வடகோடியில் ரைப்ஃபியோர்டன் என்ற விரிகுடாவில் நார்வே ஆய்வாளர்கள் இந்த ஏற்பாட்டைத் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்தார்கள்.

எங்கள் தெருவில் கைத்தறி ஓடிய காலத்தில் விடியுமுன்பே தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் தடவி, பிரஷ் இழுத்து, இழை பிரித்து முடித்தாக வேண்டும். நூல் இருக்கும், கஞ்சி இருக்கும், ஆள் இருப்பார்கள்; நேரம் தப்பினால் அத்தனையும் இருந்தும் பாவு வீண். பனி சீக்கிரம் உருகும் வருஷத்தில் வடதுருவக் கடலில் நடப்பது இதுதான். பாசியும் உண்டு, கோப்பிபாட்டும் உண்டு. இரண்டும் சந்திக்கும் நாள் பிசகிவிடுகிறது.

இந்த இடத்தில் நம் நாட்டுக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும். ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையில் காங்ஸ்ஃபியோர்டன் என்ற விரிகுடா, அதன் கரையில் நி-ஓலசுண்ட் என்ற சின்ன ஊர். நிலக்கரிக்காக எழுந்த ஊர் அது. 1916-ல் கிங்ஸ் பே கம்பெனி தொடங்கியது. 1926-ல் அமுண்ட்சென் முதலானோர் ‘நோர்கே’ ஆகாயக் கப்பலில் வடதுருவத்துக்கு மேலாகப் பறந்தது இங்கிருந்துதான். அதைக் கட்டி வைத்த இரும்புக் கோபுரம் இன்னும் நிற்கிறது. 1962 நவம்பரில் சுரங்க விபத்தில் 21 பேர் இறந்தார்கள். அந்த விவகாரம் நார்வேயில் அரசாங்கத்தையே கவிழ்த்தது. சுரங்கம் மூடப்பட்டு, ஊர் ஆராய்ச்சியாளர்களின் ஊரானது. தீவு நார்வேயுடையது, ஆனால் 1920-ல் பாரீஸில் கையெழுத்தான ஒப்பந்தப்படி மற்ற ஒப்பந்த நாட்டுக்காரர்களும் அங்கே போய் வேலை செய்யலாம். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த இந்தியாவும் அதில் ஒரு தரப்பு. எங்கள் திருத்தணித் தாலுகா 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு எப்படியெல்லாம் மனிதரைப் பாடுபடுத்தும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, ஒரு நாட்டுக்குச் சொந்தமாகவும் எல்லோருக்கும் திறந்தும் இருக்கும் அந்த ஏற்பாடு பெரிய மரியாதைக்குரியதாகப் படுகிறது.

இந்திய ஆய்வாளர்கள் முதன்முதலாக 2007-ல் அங்கே போனார்கள். 2008 ஜூலை 1 அன்று ‘ஹிமாத்ரி’ நிலையம் திறக்கப்பட்டது. 2014 ஜூலை 23 அன்று காங்ஸ்ஃபியோர்டன் விரிகுடாவில் 192 மீட்டர் ஆழத்தில் ‘இண்ட்ஆர்க்’ என்ற கருவித்தொடர் இறக்கப்பட்டது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்கு உண்டு. என்னிடம் படித்த பையன் ஒருவன் கடல் கருவிகள் சம்பந்தப்பட்ட வேலையில் இருந்தவன். ஊருக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினான். அடியில் கனமான எடை, அதிலிருந்து மேலே செங்குத்தாக நிற்கும் கயிறு, கயிற்றில் வெவ்வேறு ஆழத்தில் வெப்பம், உப்பு, நீரோட்டம், வெளிச்சம், பாசியின் பச்சையம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள், மேலே மிதவை. மிதவையை நீர்மட்டத்துக்குக் கீழேயே நிறுத்துகிறார்கள், மிதந்து வரும் பனிப்பாறை இடித்துவிடக் கூடாதே என்று. வருஷம் கழித்துக் கப்பலில் போய் ஒலி அனுப்பினால், கொக்கி கழன்று எடையை விட்டுவிட்டுக் கருவிகள் மேலே வரும்.

“டீச்சர், நீங்க போர்டுல போட்டீங்களே அம்புக்குறி, அது எந்த நாளு ஆரம்பிக்குதுன்னு இந்தக் கருவி சொல்லிடும்” என்றான்.

“குளிர்காலத்துல யாருப்பா போய்ப் பாக்கறது?” என்று கேட்டேன்.

“யாரும் போக வேணாம் டீச்சர். இருட்டுல, பனிக்கு அடியில, அதுவே எழுதி வச்சுக்கும்.”

அதுதான் விஷயம். ஆராய்ச்சிக் கப்பல்கள் கோடையில் போய்வரும். அந்த விரிகுடாவின் தலையெழுத்து மாறுவது குளிர்காலத்தில். ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு மேற்கே அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று வடக்கு நோக்கி ஓடுகிறது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் விரிகுடாவின் வாய்க்கு வெளியே அது நின்றுவிடும். உள்ளே பனி கட்டும். 2005–06 குளிர்காலத்தில் அந்த நீர் பெருமளவில் உள்ளே புகுந்தது. அதற்குப் பிறகு காங்ஸ்ஃபியோர்டன் பழையபடி முழுக்க உறைவது அரிதாகிவிட்டது. 1979-லிருந்து பார்த்தால் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வடதுருவப் பகுதி சூடாகியிருக்கிறது.

அட்லாண்டிக் நீரோடு அதன் குடிகளும் வருகின்றன. அங்கிருந்து வரும் கோப்பிபாட்டின் பெயர் கலானஸ் ஃபின்மார்சிகஸ். பார்க்கத் துருவத்துக் கோப்பிபாட் மாதிரியேதான் இருக்கும்; உருவம் சிறிது, எண்ணெய்ப் பையும் சிறிது, வளர்ச்சி வேகம். ஒரு லிட்டில் ஆக்கின் கண்ணோடு பார்த்தால் வித்தியாசம் புரியும். அதே முங்கல், அதே மூச்சு, கிடைப்பது குறைச்சல். நீர் சூடான இடங்களில் தாய்ப்பறவைகள் தம் வயிற்றுக்காகப் பனி விளிம்புவரை நெடுந்தூரம் போய்த் திரும்புவதைக் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் நிதானமும் வேண்டும். கடலில் உள்ள மொத்தக் கொழுப்பே குறைந்துபோகும் என்று சொல்லிவிட முடியாது. பால் ரெனோ முதலானோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, சின்ன இனம் வேகமாகப் பெருகுவதால் மொத்தத்தில் கணக்கு ஈடாகக்கூடும் என்கிறது. ஆனால் பெரிய பொட்டலமாகக் கிடைத்தது சின்னச் சின்னப் பொட்டலமாகச் சிதறுகிறது. கூட்டமாக நீந்தி மேயும் ஹெர்ரிங், கேப்பெலின் மீன்களுக்கு அதில் நஷ்டமில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும் பறவைக்கு நஷ்டம். பனிக்கு அடியில் முட்டையிடும் துருவக் காட் மீனுக்கு இரட்டை நஷ்டம். சூடான கடலில் உயிர் குறைவதில்லை. குளிருக்கென்று உருவான உயிர்கள் இடம் இழக்கின்றன. என் மனதுக்கு அது ஆறுதலாக இல்லை.

மாற்றத்தின் தடயங்கள் அந்தக் கரை முழுக்க இருக்கின்றன. கிட்டிவேக் என்ற கடற்பறவை குஞ்சுக்குக் கொண்டுவரும் மீனைக் காங்ஸ்ஃபியோர்டனில் பல வருஷமாகச் சேகரித்து வைத்திருக்கிறார்கள். 2007-லிருந்து துருவக் காட்டின் இடத்தில் தெற்கத்தி மீன்கள் வரத் தொடங்கின. 2004-ல் ஐஸ்ஃபியோர்டன் என்ற விரிகுடாவின் வாயில் நீல மட்டிகள் ஒட்டி வளர்வதைக் கண்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் வருஷமாக அங்கே இல்லாத பிராணி. வளைய சீல், உறைந்த விரிகுடாவின் மேல் பனிக்குள் குகை தோண்டிக் குட்டி போடும். பனி கட்டாத வருஷத்தில் குட்டிகள் திறந்த வெளியில் கிடக்கின்றன. காக்கும் கூரை இல்லை. சீல் கிடைக்காத கரடிகள் பறவைத் தீவுகளுக்கு நீந்திப் போய் வாத்து முட்டைகளை அடுத்தடுத்து உடைத்துத் தின்கின்றன. 2014-ல் ஒரு கரடி டால்பினைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தார்கள். வெள்ளை மூக்கு டால்பின் அவ்வளவு வடக்கே வந்து மாட்டிக்கொண்டது கரடிக்கே புதிய செய்தியாக இருந்திருக்கும்.

நார்வேயைச் சேர்ந்த பியோர்ன் குல்லிக்சென் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1980-லிருந்து ஒரே பாறையை, ஒரே இடத்தில் முங்கி, வருஷா வருஷம் படம் எடுத்து வைத்தார். காங்ஸ்ஃபியோர்டனில் ஒரு பாறை, ஸ்மீரன்பர்க் விரிகுடாவில் ஒரு பாறை. பதினைந்து வருஷம் போல படத்தில் பெரிய மாற்றம் இல்லை. 1995-ல் காங்ஸ்ஃபியோர்டன் பாறையில் கடற்பாசி சட்டென்று ஐந்து மடங்கானது, 8 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு. 2000-ல் ஸ்மீரன்பர்க் பாறையில் 3-லிருந்து 26-க்கு. அதுவரை பாறையை மூடியிருந்த சுண்ணாம்புப் பாசியும் கடல் சாமந்தியும் பின்வாங்கின. கொப்பரை காய்ச்சியவர்கள் கரையில் வளையங்களை விட்டுப்போன அதே விரிகுடாவில், யாரும் கை வைக்காமலே, அடித்தரையில் இன்னொரு காலம் தொடங்கியிருக்கிறது. படிப்படியாக ஏறும் வெப்பத்துக்குக் கடல் படிப்படியாகப் பதில் சொல்வதில்லை. பல வருஷம் தாங்கும். பிறகு ஒரே எட்டில் தாண்டிவிடும். பதினைந்து வருஷம் ஒன்றும் மாறாத படங்களை எடுத்துக்கொண்டே இருந்த அந்த மனிதரின் பொறுமை இல்லையென்றால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது.

தென்துருவத்திலும் இதே கதை, வேறு பாத்திரங்களோடு. அங்கே கோப்பிபாட் இடத்தில் கிரில். குளிர்காலத்தில் குஞ்சுக் கிரில் கடற்பனியின் அடியில் பாசி மேய்ந்து பிழைக்கிறது. 1970-களிலிருந்து தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் கிரில் அடர்த்தி குறைந்ததை ஆங்கஸ் அட்கின்சன் குழுவினர் 2004-ல் எடுத்துக்காட்டினார்கள். கிரில் வாழும் பரப்பு தெற்கே சுருங்குவதைப் பிறகு காட்டினார்கள். அங்கேயும் இந்தியக் கப்பல் போயிருக்கிறது. ‘சாகர் சம்பதா’ 1995–96-ல் கிரில் ஆய்வுக்கென்றே தென்துருவக் கடல்வரை போய் வந்தது. அந்தக் கடலின் உயிர்வளம் காக்கும் சர்வதேச ஆணையத்தில் இந்தியா 1986-லிருந்து உறுப்பினர். கிரில்லை மீன்பண்ணைத் தீவனத்துக்காகவும், மாத்திரையில் அடைக்கும் ஒமேகா எண்ணெய்க்காகவும் பிடிக்கிறார்கள். 2025-ல் தென்மேற்கு அட்லாண்டிக் பகுதிக்கு வைத்திருந்த 6,20,000 டன் வரம்பு முதன்முறையாக எட்டப்பட்டு, பருவம் முடியுமுன்பே மீன்பிடிப்பை நிறுத்த வேண்டி வந்தது.

வடக்கிலும் கொழுப்புக்கான ஆசை அடங்கவில்லை. 2019-ல் நார்வே, கலானஸ் ஃபின்மார்சிகஸ் கோப்பிபாட்டையே வணிகத்துக்காகப் பிடிக்க அனுமதி கொடுத்தது. வருஷத்துக்கு 2,54,000 டன் என்று அளவும் வைத்தது. பிடிப்பு இன்னும் அந்த அளவை நெருங்கவில்லை. நுண்ணிய கண்ணி வலையில் வாரி, பிழிந்து, மாத்திரையில் அடைத்து விற்கிறார்கள். திமிங்கலம் சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்தவர்களின் வழியில் வந்தவர்கள், இப்போது திமிங்கலம் தின்ற உயிரியிடமே நேராகப் போய்விட்டார்கள்.

அளவு வைத்தவர்கள் கணக்கில்லாமல் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நார்வேக் கடலில் இருக்கும் மொத்தக் கோப்பிபாட்டில் இது சிறு பங்கு. ஆனாலும் இந்த அனுமதியை நான் ஏற்கவில்லை. எந்த இனம் எங்கே நகர்கிறது, யார் யாருக்குத் தீனி எந்த வாரத்தில் கிடைக்கிறது என்பதே வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. போதாததற்கு அந்த வலையில் கோப்பிபாட் மட்டும் ஏறுவதில்லை. மீன்களின் முட்டையும் குஞ்சும் சேர்ந்து ஏறும். அதனால்தான் 1,000 மீட்டர் ஆழக்கோட்டுக்கு உள்ளே, கரைப்பக்கமாக, 3,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று நார்வேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறது.